எலன் டெர்ரியின் பொன்வண்டு கவுன்

முதல் நாள்: கோவென்ட் கார்டன்

மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் தெருமுனையிலேயே கிடைக்கிறது. அதனால் லண்டனுக்கு வந்தேனா, வேறொரு தி.நகருக்கு வந்தேனா என்று எனக்கே சந்தேகம். நேற்று ராத்திரி மகள் கேட்டாள், "பக்கிங்காம் அரண்மனை போலாமாம்மா?" எனக்கு அரண்மனை வேண்டாம், ஒரு கவுன் பார்க்கணும் என்றேன். சிரித்தாள்.

சிரிக்க ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாக நாடகங்களுக்கு உடை தைக்கிறேன். ராஜா அங்கி, ரிஷி காவி, ஜரிகை ஓடிப்போன பட்டுப்புடவையில் வெட்டிய ராணி தாவணி எல்லாம் என் கையால் ஆனவை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய பத்திரிகையில் ஒரு கவுனின் படம் பார்த்தேன். உடம்பு முழுக்கப் பொன்வண்டு றெக்கை வைத்துத் தைத்தது. 1888ல் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்துக்காகத் தைத்தார்களாம். போட்டு நடித்தவர் எலன் டெர்ரி. அந்தப் பேர் அன்றிலிருந்து மனசில் உட்கார்ந்துவிட்டது. மகளிடம் சொல்லி, அவரே எழுதிய வாழ்க்கைக் கதையையும் தருவித்துப் படித்தாயிற்று. இந்தத் தடவை வந்ததே பாதி அதற்காகத்தான், மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கதையை முடிவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இன்று அவருடைய அஸ்தி இருக்கிற இடத்துக்குப் போனேன். கோவென்ட் கார்டனில் உள்ள செயின்ட் பால் தேவாலயம். நடிகர்களின் தேவாலயம் என்றே இதற்குப் பேர். 1633ல் இனிகோ ஜோன்ஸ் கட்டியது. சதுக்கத்தைப் பார்த்த பக்கம் பெரிய தூண்களோடு கம்பீரமான முகப்பு. அங்கே கதவைத் தேடிக் கால்மணி நேரம் அலைந்தேன். அது வெறும் வேஷம். உண்மையான வாசல் பின்னால், ஒரு சின்னத் தோட்டத்தின் வழியாக. நாடகக்காரர்களுக்குத் தோதான கோயில்தான்.

உள்ளே சுவரெல்லாம் பேர்கள். சார்லி சாப்ளினுக்கு ஒரு பலகை. டார்ஜிலிங்கில் பிறந்த நடிகை விவியன் லீக்கு ஒரு பலகை. வலது பக்கச் சுவரில் ஒரு மாடத்துக்குள், கம்பிக்குப் பின்னால், வெள்ளிக் கலசம். நம் வீட்டில் விளக்கு ஏற்றும் பிறை அளவுதான் இருக்கும். எலன் டெர்ரி அதில் இருக்கிறார். இங்கிலாந்தில் அவ்வளவு பெரிய நடிகை இல்லை என்று அரை நூற்றாண்டு கொண்டாடப்பட்டவர். நான் நின்ற இருபது நிமிஷத்தில் யாரும் அந்த மாடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே சதுக்கத்தில் ஒருவன் கத்தி வித்தை காட்டிக்கொண்டிருந்தான், அவனுக்கு நூறு பேர் கூட்டம்.

இரண்டாம் நாள்: இரண்டு பூக்களும் ஒரு வெள்ளை உடையும்

நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி. உள்ளே போவதற்கு முன்னால் பக்கத்துச் சாரிங் கிராஸ் ரோடில் ஹென்றி இர்விங்கின் சிலையைப் பார்த்துவிட்டேன். ஆளுயரத்துக்கு மேல் வெண்கலத்தில் நிற்கிறார். எலனோடு 24 வருஷம் ஜோடியாக நடித்தவர், நாடகக் கம்பெனியின் முதலாளி. 1895ல் சர் பட்டம். நடிகர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. எலனுக்கும் பட்டம் வந்தது, 1925ல். முப்பது வருஷம் கழித்து, கண்ணும் ஞாபகமும் மங்கின பிறகு.

எலனைப் பார்க்க உள்ளே போக வேண்டும். 'தேர்வு' என்ற சின்ன ஓவியம். வரைந்தவர் ஜி. எஃப். வாட்ஸ், அவருடைய முதல் கணவர். 1864ல் கல்யாணம் நடந்தபோது பெண்ணுக்கு வயது 16, மாப்பிள்ளைக்கு 46. தலைப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. செக்கச்செவேல் என்று வாசனையே இல்லாத கமேலியா பூவை முகர்ந்துகொண்டிருக்கிறாள் பெண். மற்றக் கையில், நெஞ்சருகே, வாசனையுள்ள சின்ன வயலெட் பூக்கள். பகட்டா, பண்பா, எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறாய் என்று ஓவியர் கேட்கிறார். பகட்டு என்று அவர் நினைத்தது மேடையை. பத்து மாதம்தான் தாங்கியது அந்தக் கல்யாணம். பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் படத்தில் எலன் போட்டிருப்பது அவருடைய கல்யாண உடை. பழுப்பு நிறம். அதற்கு வடிவம் கொடுத்தவரும் ஓர் ஓவியர்தான், ஹோல்மன் ஹன்ட். கழுத்துச் சுற்றில் இருக்கிற சுருக்கத்தைப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தேன். காவலாளி என்னை உற்றுப் பார்த்தார்.

அதே 1864ல் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த புகைப்படம் ஒன்றும் உண்டு. இன்று நான் பார்த்தது கடையில் ஒரு புத்தகத்தில். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்து மாலையை விரலால் பற்றியபடி நிற்கிறாள் அந்தப் பெண். 'சோகம்' என்று தலைப்பு வைத்திருக்கிறார் கேமரன். வாட்ஸ் வரைந்த படத்தில் இல்லாத உண்மை அதில் இருக்கிறது. இந்த கேமரன் அம்மா கல்கத்தாவில் பிறந்தவர். கடைசியில் கணவருடைய தோட்டங்களைத் தேடி இலங்கை மலையகத்துக்குப் போய், 1879ல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டார். கணவர், இலங்கைச் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்த கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் அதே கேமரன். ஒரு நடிகையைத் தேடிப் போனால் எங்கெங்கேயோ நூல் ஓடுகிறது.

சாயங்காலம் லைசியம் தியேட்டர். இர்விங் கம்பெனியின் நாடகங்கள் நடந்த இடம். எலன் 1878 டிசம்பர் 30 அன்று ஹாம்லெட் நாடகத்தின் நாயகி ஒஃபீலியாவாக இங்கே மேடையேறினார். அடுத்த வருஷம் போட்ட வெனிஸ் வணிகன் 250 இரவு ஓடியது. கம்பெனியின் நிர்வாகி பிராம் ஸ்டோக்கர், ஆமாம், டிராகுலா எழுதியவர். முகப்பிலுள்ள தூண்கள் மட்டும்தான் அந்தக் காலத்தவை, உள்ளே இருந்ததையெல்லாம் 1904ல் இடித்துவிட்டார்கள். இப்போது வருஷக்கணக்காக லயன் கிங் ஓடுகிறது. டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நின்று தூண்களை மட்டும் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு தையல் கதை சொல்லியாக வேண்டும். ஒஃபீலியாவுக்குப் பைத்தியம் பிடிக்கும் காட்சியில் கறுப்பு உடை போடலாம் என்று எலன் தீர்மானித்திருந்தார். இர்விங் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கம்பெனியின் ஆலோசகர் ஒருவர் பதறிவிட்டார். இந்த நாடகத்தில் கறுப்பு உடுத்த ஒரே ஆள்தான் இருக்கலாம், அது ஹாம்லெட். எலன் உடனே வாயை மூடிக்கொண்டு வெள்ளைக்கு மாறிவிட்டார். கறுப்புக்கு நினைத்திருந்தது உயர்ந்த கிரேப் துணியும் விலையுயர்ந்த ரோமமும். அவசரத்தில் வெள்ளைக்குக் கிடைத்தது போர்வைக்கு நெய்கிற முரட்டுப் பருத்தித் துணியும் முயல் ரோமமும். அதுதான் இன்னும் நன்றாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. மேடை வெளிச்சத்தில் காடா துணி வெல்வெட்டாகும், வெல்வெட் கந்தலாகும். இது தெரியாத தயாரிப்பாளர்களோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை.

மூன்றாம் நாள்: மழை

எங்கும் போகவில்லை. காலையிலிருந்து விடாத தூறல். வாழ்க்கைக் கதையை மறுபடி எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடந்தேன்.

இந்த அம்மாள் பிறந்ததே ஊர் ஊராகப் போகும் நடிகர்களின் தற்காலிக ஜாகையில்தான். கோவென்ட்ரி, 1847 பிப்ரவரி 27. அப்பா, அம்மா, அக்கா, தங்கைகள், தம்பி எல்லாருக்கும் மேடைதான் பிழைப்பு. ஒன்பது வயதில், விக்டோரியா ராணி பார்த்துக்கொண்டிருக்க, முதல் வேஷம். பொம்மை வண்டியை இழுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். ஓடி வந்தார், தடுக்கி மல்லாந்தார், அரங்கமே சிரித்தது. அதே வருஷம் ஷேக்ஸ்பியரின் குட்டிச்சாத்தான் பக் வேஷத்தில், மேடைத் தரையிலுள்ள கதவு மூடிக் கால் கட்டைவிரல் உடைந்தது. நாடகத்தை முடித்துக்கொடு கண்ணு, சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றாராம் முதலாளியம்மா. குழந்தை முடித்துக்கொடுத்தது. சம்பளமும் இரட்டித்தது. இதைக் கேட்டால் சிரிப்பதா, போலீஸைக் கூப்பிடுவதா தெரியவில்லை.

வாட்ஸ் கதை முடிந்த பிறகு, 1868ல் எட்வர்ட் காட்வின் என்ற கட்டடக் கலைஞரோடு ஊரைவிட்டே போய்விட்டார். விவாகரத்து ஆகவில்லை, அதனால் கல்யாணமும் இல்லை. நாட்டுப்புறத்தில் வீடு, கோழி, தோட்டம், இரண்டு பிள்ளைகள். பழகியவர்கள் வாசற்படி மிதிப்பதை நிறுத்தினார்கள். சிறு வயதிலிருந்து அவரைப் போற்றிய, ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோலும் ஒதுங்கினார். மேடையை ஆறு வருஷம் தொடவே இல்லை. கடன் ஏறி வீட்டுக்கு ஜப்தி ஆட்கள் வரும் நிலை.

அப்போது ஒரு நாள் குறுகலான பாதையில் அவர் ஓட்டிப்போன வண்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. வேலியைத் தாண்டி வேட்டைக் குதிரைகள் குதித்து வந்தன. அதில் ஒருவர் நாடக ஆசிரியர் சார்லஸ் ரீட், பழைய சிநேகிதர். மேடைக்குத் திரும்பி வா என்றார். வாரம் நாற்பது பவுண்ட் கொடுத்தால் வருகிறேன் என்று எலன் விளையாட்டாகச் சொல்லிவைக்க, சரி என்றுவிட்டார் மனிதர். சக்கரம் கழன்றதில் ஒரு நாடக உலகமே திரும்பிவிட்டது. திருமணம் அப்புறமும் இரண்டு முறை நடந்தது, இரண்டும் நிலைக்கவில்லை. அதற்கு மேல் நான் துருவவில்லை. நடிகையின் கல்யாணங்களை எண்ணுகிறவர்கள் நடிகரின் கல்யாணங்களை எண்ணுவதில்லை.

மத்தியானம் பேரன் கைப்பேசியில் ஏதோ தேடிக் கொடுத்தான். எலனின் குரல்! 1911ல் அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் காட்சிகள் சிலவற்றை இசைத்தட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு 64 வயது. சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் இரைச்சல். அதற்கு நடுவே வெனிஸ் வணிகனின் நாயகி போர்ஷியா கருணையைப் பற்றிப் பேசுகிறாள். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் அந்த நிறுத்தல்கள்! வாக்கியத்தைப் பாதியில் விட்டு, மூச்சு வாங்கி, நம்மை முன்னால் சாயவைத்துவிட்டு அப்புறம் முடிக்கிறார். பிற்காலத்தில் ஊமைப்படங்களிலும் நடித்திருக்கிறார், 1916லிருந்து. எழுபது வயதை நெருங்கி, இந்தக் குரல் இல்லாமல்! சினிமா சரியான நேரத்துக்கு வரவில்லை, வேறென்ன சொல்ல.

பேரன் இரண்டே நிமிஷத்தில் போய்விட்டான். நான் ஏழு தடவை கேட்டேன்.

நான்காம் நாள்: டேட் பிரிட்டன்

பிம்லிகோவில் இறங்கி நடந்தேன். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889ல் வரைந்த ஓவியம் இது. ஏழடிக்கு மேல் உயரம். எலன் போட்ட வேஷம் லேடி மெக்பெத், ராஜாவைக் கொல்லப் புருஷனைத் தூண்டுகிறவள். இரண்டு கையாலும் கிரீடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். சிவந்த சடைகள் முழங்காலுக்கும் கீழே தொங்குகின்றன. உடை முழுக்க நீலமும் பச்சையும் தகதகக்கிறது.

நாடகத்தில் இப்படி ஒரு காட்சியே கிடையாது. அவள் தன் கையால் கிரீடம் சூட்டிக்கொள்ளவில்லை. சார்ஜென்ட் தன் இஷ்டத்துக்கு அமைத்துக்கொண்ட நிலை இது. ஆனாலும் எலனுக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. இர்விங் விலைக்கு வாங்கித் தியேட்டரிலேயே மாட்டிவைத்திருந்தார்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அன்றைய விமர்சகர்களில் பாதிப் பேர் எலனின் லேடி மெக்பெத்தை ஏற்கவில்லை. ராட்சசியாக இல்லையே, புருஷனை இவ்வளவு நேசிக்கிற பெண்ணாக இருக்கிறாளே என்று குறை. இந்தப் படத்தில் நிற்பவளோ ராட்சசிதான். கண் ரெண்டும் எங்கேயோ நிலைகுத்தி நிற்கிறது. மேடையில் எலன் செய்தது ஒன்று, சார்ஜென்ட் கண்டது வேறொன்று. நமக்குக் கிடைத்திருப்பது சார்ஜென்டின் லேடி மெக்பெத்.

உடையைப் பற்றி எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் கிண்டல் பிரசித்தம். விருந்தைப் பார்த்தால் சிக்கனமான குடும்பத் தலைவி, புருஷனுக்கும் வேலைக்காரர்களுக்கும் துணி உள்ளூரில்தான் எடுக்கிறாள், தனக்கு வேண்டியதை மட்டும் பைசாந்தியத்தில், அதாவது பழைய இஸ்தான்புல்லில், போய் வாங்குகிறாள் என்றார். எந்த நாடகக் கம்பெனியிலும் கதாநாயகியைப் பற்றி உடை அறையில் பேசிக்கொள்வது இதைத்தான்.

ஓவியத்தில் றெக்கைகளைத் தேடினேன். கிட்டே போனால் வெறும் பச்சைத் தீற்றல். தள்ளி நின்றால் மின்னுகிறது. தையல் எங்கே, முடிச்சு எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. சரி, நாளைக்கு.

ஐந்தாம் நாள்: ஸ்மால்ஹைத்

ஸ்மால்ஹைத்தில்தான் எலனின் வீடு, கவுனும் அங்கேதான். சாரிங் கிராஸிலிருந்து ஹெட்கார்னுக்கு ரயில், அங்கிருந்து டென்டர்டனுக்குப் பஸ், அங்கிருந்து டாக்ஸியில் மூன்று கிலோமீட்டர் போல. கென்ட் மாவட்டத்தின் உள்நாட்டுப் பகுதி. ஆட்டு மந்தைகள், திராட்சைத் தோட்டம், கூம்புத் தொப்பி போட்ட பழைய உலர்த்துக் கூடங்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துப் போங்கள்.

டாக்ஸிக்காரர் இறக்கிவிட்ட இடத்தில் ஒரு பழைய மர வீடு லேசாகச் சாய்ந்து நிற்கிறது. கறுத்த மரச் சட்டங்கள், நடுவில் வெளிர்ப் பூச்சு, மேலே செங்கல் நிற ஓடு. பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கட்டியது. இப்போது சுற்றிலும் புல்வெளிதான், ஆனால் ஒரு காலத்தில் இங்கே ஆறு அகன்று ஓடியது. ராஜாக்களுக்குக் கப்பல் கட்டிய துறை இது. 1514ல் ஊர் எரிந்தது. அப்புறம் ஆறும் தூர்ந்துபோய்க் கடல் எங்கேயோ விலகிவிட்டது. துறைமுக வீடு மட்டும் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது. எலன் 1899ல் வாங்கினார். 1928 ஜூலை 21ல், 81 வயதில், இதே வீட்டில் இறந்தார். தனக்காக யாரும் துக்கம் காக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார்.

அம்மா போன பிறகு மகள் ஈடித் க்ரெய்க் வீட்டை நினைவகமாக ஆக்கினாள். 1939ல், பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தாள். இந்த ஈடித் தானே பெரிய நாடக இயக்குநர், உடை வடிவமைப்பிலும் கைதேர்ந்தவள். தம்பி கார்டன் க்ரெய்கை நாடகம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும், அக்காவைச் சொன்னால் யார் என்பார்கள். உடைகளை வீசிவிடாமல் பாதுகாத்தவள் அக்காதான். அவளுக்கு என் கும்பிடு.

உள்ளே தரை சரிகிறது. உத்தரத்தில் தலை இடிக்கிறது, எனக்கே இடித்தது என்றால் பாருங்கள். ஒப்பனைச் சாமான்கள், கடிதங்கள், மேடையில் பிடித்த சாமான்கள், பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் விசிட்டிங் கார்ட், பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் எழுதிய சேதி. எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டினேன். மரியாதைக்குறைவுதான்.

அப்புறம் கவுன்.

இருட்டான அறை, கண்ணாடிக் கூண்டு, மங்கின விளக்கு. முதலில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் பச்சை எழுந்து வந்தது. நெய்த துணி இல்லை, குரோஷா பின்னல்! பச்சைக் கம்பளி நூலோடு நீல ஜிகினா இழையும் சேர்த்துப் பின்னியிருக்கிறார்கள். சங்கிலிக் கவசம் போலவும் இருக்க வேண்டும், பாம்புச் செதில் போலவும் இருக்க வேண்டும் என்பது யோசனை. யோசித்தவர் ஆலிஸ் கோமின்ஸ் கார், தைத்தவர் ஏடா நெட்டில்ஷிப். அதன் மேல் ஆயிரம் பொன்வண்டு றெக்கை. கையின் நீளத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட தரை தொடுகிறது.

தையற்காரிக்குத் தெரியும், பின்னல் துணி கனத்தில் தொங்கி நீண்டுகொண்டே போகும். மாதத்துக்கு ஒரு தரம் ஓரத்தை ஏற்றாமல் சமாளிக்க முடியாது. லண்டனில் 150 தடவைக்கு மேல் போட்டு, கப்பலேற்றி அமெரிக்கா வரை கொண்டுபோய், ஒவ்வொரு இரவும் வியர்வையோடு கழற்றி மாட்டிய உடை இது. நாளாக நாளாகப் பிரித்தார்கள், மாற்றினார்கள், ஒட்டுப்போட்டார்கள். 2011ல் செப்பனிட்டு முடித்தபோது 1,300 மணி நேர வேலை, 50,000 பவுண்ட் செலவு என்று கணக்குச் சொன்னார்கள். உடைந்த றெக்கைகள் நூறு போல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஜப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். எதை மாற்றினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று ஊகித்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் றெக்கைகள் நெருக்கமாக இருக்கின்றன, பக்கத்தில் இடைவெளி. அவசரத்தில் யாரோ கையில் கிடைத்ததை வைத்துத் தைத்த இடமாக இருக்கலாம். என் ஊகம்தான். ஆனால் இந்த உடம்பு அளவுக்கு, இந்தத் தோளுக்கு, இந்த நடைக்கு இழுபட்ட பின்னல் இது. சார்ஜென்டிடம் கிடைக்காத எலன் இங்கே இருந்தார்.

அறையில் காவல் இருந்த தன்னார்வலர் அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். அரைமணி நேரமாக நகராமல் நிற்கிறேனே என்று கிட்ட வந்தார். றெக்கைகள் வண்டிலிருந்து தானாக உதிர்ந்தவைதான், கொல்லவில்லை என்று சமாதானமாகச் சொன்னார். வண்டு எங்கே அம்மா றெக்கையை உதிர்க்கிறது, செத்த பிறகு பொறுக்கியிருப்பார்கள் என்றேன். சில வாரம்தான் அதற்கு ஆயுசு. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

எப்படித் தெரியுமா? கொடுக்காப்புளி மரத்தில் ஏறிப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்து, இலை போட்டு வளர்த்து, அது மஞ்சளாக முட்டை போட்டதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிப் பெருமையடித்தவள் நான். செத்துப்போனதும் றெக்கையைப் பிய்த்துப் பொம்மைக்குப் பொட்டாக ஒட்டியிருக்கிறேன். அந்தக் காலத்தில் இந்த றெக்கை வைத்துத் தைத்த மஸ்லின் துணி மெட்ராஸிலிருந்தும் கப்பலேறியது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கையையும் சேர்த்து ஆட்டி இதையெல்லாம் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மாள் ஒரு சின்ன நோட்டை எடுத்தார். உங்கள் மொழியில் இதற்கு என்ன பேர், எழுதிக்கொடுங்கள் என்றார். பொன்வண்டு என்று தமிழில் பெரிதாக எழுதி, சொல்லியும் கொடுத்தேன். "போன்வாண்டூ" என்றார். போன் இல்லை, பொன், தங்கம் என்றேன். மூன்றாவது தடவை சரியாக வந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால், கூரை வேய்ந்த பழைய களஞ்சியம். அதைத்தான் ஈடித் 1929ல் நாடக அரங்காக மாற்றினாள். அம்மாவின் நினைவு நாளில் வருஷா வருஷம் பெரிய நடிகர்கள் வந்து நடித்தார்களாம். கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. மேடையில் ஏறி நின்று பார்த்தேன். ரொம்பச் சின்ன மேடை. எங்கள் குழுவின் ராஜா அங்கியோடு ஒருத்தர் திரும்பினால் பக்கத்தில் இருப்பவர் விழுந்துவிடுவார்.

டாக்ஸிக்குப் போன் போட்டால் நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். வாசல் சுவரில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தேன்.